புத்தகம் வந்து ஏழு வாரம், ஒரு மதிப்புரைகூட வரவில்லை: என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது: என் முதல் சிறுகதைத் தொகுப்பு, 168 பக்கம், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியின்போது வெளியானது. தேவைக்கேற்ப அச்சிடும் பிஓடி முறையில் 200 பிரதிகள். ஏழு வாரம் ஆகிவிட்டது, எங்கும் ஒரு வரி இல்லை. நடு இரவில் விழித்து ஃபோனைப் பார்க்கிறேன். அடுத்த கதை எழுத உட்கார்ந்தால் ஓடவில்லை. பதிப்பாளரிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. புத்தகம் நன்றாக இல்லை என்றுதான் அர்த்தமா?

அப்படி அர்த்தம் எடுத்துக்கொள்ள இன்னும் எந்த ஆதாரமும் உங்களிடம் இல்லை. ஏழு வாரத்துக்குள் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அச்சிதழில் மதிப்புரை வந்திருந்தால்தான் தமிழில் அது அதிசயம். ஒரு மதிப்புரை எப்படி உருவாகிறது, அதில் எந்தப் படியில் எத்தனை நாள் போகிறது என்று தெரியாததால்தான் உங்கள் தவிப்பில் பெரும்பகுதி வருகிறது. எனவே முதலில் அந்தக் கணக்கு.

பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்களின் சங்கமான பபாசி நடத்தும் சென்னைக் காட்சி பொங்கலை ஒட்டி வருகிறது. தமிழில் ஒரு வருடத்தில் வெளியாகும் இலக்கியப் புத்தகங்களில் பெரும்பகுதி அதைக் குறிவைத்தே அச்சாகிறது. ஆகவே பத்திரிகை அலுவலகங்களுக்கு மூன்று நான்கு வாரத்துக்குள் கட்டுக்கட்டாகப் புத்தகங்கள் வந்து சேர்கின்றன. ஜனவரி கடைசியில் அந்த மேசை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்: பிரிக்காத பழுப்பு உறைகள் ஒரு பக்கம், பிரித்து அடுக்கியவை மறுபக்கம், தரையிலும் இரண்டு கட்டு. உதவி ஆசிரியர் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னட்டையைப் படிக்கிறார், முன்னுரையைப் புரட்டுகிறார், நேரமிருந்தால் ஒரு கதை வாசிக்கிறார். பிறகு வருகிறது உண்மையில் நேரம் பிடிக்கும் கேள்வி: இதை யாரிடம் கொடுப்பது?

மதிப்புரை எழுதுவதையே முழுநேர வேலையாகக் கொண்டவர்கள் தமிழில் மிகச் சிலர். எழுதுகிறவர்கள் ஆசிரியர்கள், வங்கிப் பணியாளர்கள், பத்திரிகையாளர்கள். பெரும்பாலும் அவர்களும் எழுத்தாளர்கள். அவர்களுடைய புத்தகமும் அதே ஜனவரியில் வந்திருக்கும், அதற்கு விமர்சனம் வரவில்லையே என்ற கவலை அவர்களுக்கும் இருக்கும். இலக்கிய உரைநடையை மணிக்கு 25, 30 பக்கம் வாசிக்கலாம் என்று வைத்தால் உங்கள் புத்தகத்துக்கு ஆறு ஏழு மணி நேரம் வேண்டும். சிறுகதைத் தொகுப்பை ஒரே மூச்சில் படிக்கவும் முடியாது, இரண்டு கதைக்கு ஒருமுறை மூடிவைக்கத் தோன்றும். குறிப்பெடுத்து மறுபடி புரட்டி ஆயிரம் சொல் எழுத இன்னும் இரண்டு மூன்று மாலைகள். வேலைக்குப் போய்வருகிற ஒருவருக்கு இது மூன்று நான்கு வாரக் காரியம். இதோடு மாத இதழ்களின் பக்க அமைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்ச் இதழ் பிப்ரவரி மூன்றாம் வாரத்திலேயே ஏறக்குறைய முடிந்துவிடும். ஜனவரி கடைசியில் போன பிரதி பிப்ரவரி நடுவில் ஒருவர் கைக்குச் சேர்ந்து, மார்ச் நடுவில் கட்டுரையாகத் திரும்பினால், அதிர்ஷ்டம் இருந்தால் ஏப்ரல் இதழ், இல்லாவிட்டால் மே அல்லது ஜூன். நீங்கள் கலங்கும் ஏழாவது வாரம், வரக்கூடிய முதல் தேதிக்கே முன்னால் நிற்கிறது.

எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். இதழ்களின் 'வரப்பெற்றோம்' பகுதியில் தலைப்பும் விலையும் மட்டும் வரும், அது முதலில் வந்துவிடலாம். தினமணியின் நூல் அரங்கம் போன்ற நாளிதழ்ப் பகுதிகளில் வருவது குறுகிய மதிப்புரை, சில பத்திகள். காலச்சுவடு, உயிர்மை, புத்தகம் பேசுது போன்ற மாத இதழ்களிலும் சொல்வனம், கனலி, மலேசியாவின் வல்லினம் போன்ற இணைய இதழ்களிலும் வருவது நீண்ட கட்டுரை. இவை எல்லாம் கடந்து, ஒருவர் உங்கள் கதைகளை மற்றவர்களின் கதைகளோடு வைத்துப் பேசுவதுதான் விமர்சனம். அது ஒரு வருடம் கழித்தும் வரலாம், உங்கள் மூன்றாவது புத்தகத்தின்போது மூன்றுக்கும் சேர்த்தும் வரலாம். முதல் வகை வராததைக் கடைசி வகையின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வருந்துகிறவர்கள் நிறைய.

இனி, நீங்கள் சரிபார்க்கவேண்டிய ஒரே விஷயம்: பிரதிகள் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தனவா? மதிப்புரை வராததற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான், ஆனால் கடைசியாகத்தான் யாருக்கும் தோன்றும். பதிப்பகத்தில் "அனுப்பியாச்சு" என்று சொல்வார்கள். பலநேரம் அதன் பொருள் அனுப்புவதற்கான பட்டியல் தயாராகிவிட்டது என்பது மட்டும்தான். இதழின் அலுவலகம் வேறு தெருவுக்கு மாறியிருக்கும். உறைமீது எழுதிய உதவி ஆசிரியர் வேலையை விட்டுப் போயிருப்பார். இதழ்கள் பொதுவாக மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் கேட்கும் (ஒன்று எழுதுகிறவருக்கு, ஒன்று அலுவலகத்துக்கு). ஒன்று மட்டும் போனால் அது ஓரமாகிவிட வாய்ப்புண்டு. 200 பிரதியில் 15 முதல் 20 வரை இதற்கென்று ஒதுக்கியிருக்கவேண்டும். ஒதுக்கவில்லையென்றால் இப்போதே ஒதுக்குங்கள்.

ஒரு நோட்டில் ஐந்து நெடுவரிசைகள் போடுங்கள்: யாருக்கு, எத்தனை பிரதி, அனுப்பிய தேதி, கண்காணிப்பு எண், சேர்ந்த தேதி. தபால் நடைமுறையும் மாறியிருக்கிறது. பழைய பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுபோனது. 2025 மே 1 முதல் புத்தகங்களுக்கான ஞான் போஸ்ட் சேவை வந்திருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகத்தான் போகும், ஆனால் கண்காணிப்பு எண் உண்டு. வழக்கமான டெம்மி அளவில் 168 பக்கப் புத்தகம் சுமார் 200 கிராம் இருக்கும். இரண்டு பிரதி சேர்த்துக் கட்டினால் 300 கிராமைத் தாண்டி அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும், கவுண்டரில் அதற்குத் தயாராக இருங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது, அவசரமென்றால் அதில் அனுப்பலாம். புத்தகத்தை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறகு பழுப்புத்தாள் சுற்றுங்கள். மூலை மடங்கி, நீர்பட்டு வந்த பிரதியை யாரும் ஆசையோடு கையில் எடுப்பதில்லை.

உள்ளே அரைப்பக்கக் கடிதம் போதும். புத்தகத்தின் பெயர், பக்கம், விலை, பதிப்பகத் தொலைபேசி, கதைகள் எந்த வட்டாரம், எந்த வாழ்க்கை என்று இரண்டு வரி. பாராட்டு மேற்கோள்கள் வேண்டாம். "தாங்கள் அவசியம் எழுதவேண்டும்" என்ற வரியும் வேண்டாம், படிக்கும் முன்பே அது கடன்சுமையாகிவிடும். முழுப் புத்தகத்தின் பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது மிகப் பலவீனமான வழி. கேட்டவருக்கு மட்டும் கொடுங்கள்.

நினைவூட்டலாமா என்றால், ஒருமுறை நினைவூட்டலாம், சேர்ந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து. ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இருக்கவேண்டும். இப்படி: "வணக்கம். என் சிறுகதைத் தொகுப்பின் இரண்டு பிரதிகளை ஜனவரி 28 அன்று தங்கள் முகவரிக்கு அனுப்பியிருந்தேன். கிடைத்தனவா என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கிடைக்கவில்லையென்றால் மீண்டும் அனுப்புகிறேன். நன்றி." எப்போது வரும், யார் எழுதுகிறார், பிடித்திருந்ததா என்று எதுவும் கேட்காதீர்கள். 'கிடைத்தது' என்று பதில் வந்தால் உங்கள் வேலை முடிந்தது, அந்தப் பெயரை நோட்டில் மூடிவிடலாம். இரண்டாவது நினைவூட்டல் பெரும்பாலும் எதிராகவே வேலைசெய்கிறது.

ஃபோன் பற்றி. அமேசானில் உங்கள் புத்தகத்துக்குக் காட்டும் தரவரிசை எண் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். குறைவாக விற்கும் புத்தகத்துக்கு ஒரே ஒரு பிரதி விற்றாலும் அது தடாலென முன்னேறும், இரண்டு நாள் விற்காவிட்டால் பின்தங்கும். அதை மணிக்கொருமுறை பார்ப்பதால் புத்தகத்தைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. வாசகர்கள் நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் சொல் எதுவும் எழுதாமல் இரண்டு நட்சத்திரம் மட்டும் வந்து நிற்கும். அது யார், ஏன் என்று தோண்டப் போகாதீர்கள், பதிலும் எழுதாதீர்கள். தேடுவதற்கென்று வாரத்தில் இரண்டு வேளை வைத்துக்கொள்ளுங்கள், புதன் ஒரு கால்மணி, ஞாயிறு ஒரு கால்மணி, இரண்டும் பகலில். இரவில் பார்க்கவேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: அந்த நேரத்தில் பாராட்டு வந்தாலும் தூக்கம் போகும், வசை வந்தாலும் போகும், ஒன்றுமே வராவிட்டாலும் போகும். இதுவும் முடியவில்லையென்றால் நம்பிக்கையான ஒரு நண்பரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். எங்காவது வந்தால் எங்கே வந்தது, தகவல் பிழை ஏதும் இருக்கிறதா, உடனே படிக்கத் தக்கதா, ஒருவாரம் கழித்துப் படிக்கத் தக்கதா என்று மட்டும் அவர் சொன்னால் போதும்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடு இறங்காமல் அன்றாட வேலை தடைப்பட்டாலோ, அதைப் 'படைப்பாளியின் தவிப்பு' என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். புத்தகம் காரணமாக இருந்தாலும் உடம்புக்கு அது வெறும் பதற்றம்தான், அதற்கான உதவியும் அதேதான்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் பயப்படுவது உண்மையில் விமர்சகருக்கா? பல முதல் தொகுப்புகளில் அப்படி இல்லை. சொந்த ஊர், சொந்தத் தெரு, பாகப்பிரிவினை, அத்தை வீட்டில் நடந்த ஒன்று, இவையெல்லாம் பெயர் மாறிக் கதையாகியிருக்கும். யாராவது விரிவாக எழுதினால் அது ஃபேஸ்புக்கில் சுற்றி ஊருக்குப் போய்ச் சேரும், சித்தப்பா படிப்பார், 'இது நம்ம கதைதானே' என்பார். விமர்சனம் வரவில்லையே என்ற ஏக்கமும் வந்துவிடுமோ என்ற இந்த அச்சமும் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும், இரண்டும் ஒரே படபடப்பாகத்தான் தெரியும். அப்படி ஒரு கதை இருந்தால், அதில் தன்னை அடையாளம் காணக்கூடிய ஒருவரைத் தேர்ந்தெடுத்து நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். ஃபோனில் வேண்டாம். "உங்களை நினைச்சுத் தொடங்கினேன், அப்புறம் அது வேற ஆளாயிடுச்சு, நீங்க படிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லணும்னு வந்தேன்" என்பது போதும். மூன்றாம் மனிதர் சொல்லித் தெரியவரும்போது வருகிற கோபத்தில் பாதிகூட இதில் வராது. அச்சுக்குப் போகும் முன்பே செய்திருந்தால் இன்னும் நல்லது, அடுத்த புத்தகத்துக்கு அதை நினைவில் வையுங்கள்.

கடுமையான மதிப்புரை வந்தால் எப்படிப் படிப்பது என்பதை வருவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்வது உதவும். முதல்முறை படிக்கும்போது கையில் பேனா வேண்டாம், படித்து மூடிவிடுங்கள். மூன்று நாள் யாருக்கும் எதுவும் எழுதாதீர்கள், நண்பர் குழுவில் படமெடுத்துப் போடுவதும் எழுதுவதில்தான் சேரும். நான்காம் நாள் பென்சிலோடு படியுங்கள். கதாபாத்திரத்தின் பெயர், நிகழ்வின் வரிசை, ஊர் என்று தகவல் தவறாக இருந்தால் பத்திரிகை ஆசிரியருக்கு மூன்று வரி எழுதலாம், எழுதியவருக்கு வேண்டாம். 'இந்தவகைக் கதைகளே எனக்கு உவப்பில்லை' என்ற ரசனை சார்ந்த வரிகளுக்கு ஒரு கோடு போட்டு நகர்ந்துவிடுங்கள். மீதி இருப்பது கைவேலையைப் பற்றிய வரிகள். அவற்றைத்தான் நீங்கள் இத்தனை மாதமும் எதிர்பார்த்துக் காத்திருந்தீர்கள், வலித்தாலும்.

அவற்றை வெறும் மனவருத்தமாக விடாமல் சோதிக்கமுடியும். 'கதைகள் எல்லாம் ஒரே மாதிரி முடிகின்றன' என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். ஒரு தாளை எடுத்து, தொகுப்பிலுள்ள எல்லாக் கதைகளின் கடைசி வாக்கியத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கையால் எழுதுங்கள். பதினொரு கதையில் ஆறு, யாரோ ஒருவர் சன்னலுக்கு வெளியே பார்ப்பதிலோ மழை தொடங்குவதிலோ முடிந்தால், அவர் சொன்னது சரி. இரண்டுதான் அப்படி என்றால் அவர் அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்திருக்கிறார், கதைகளின் வரிசையை மாற்றினாலே போதும். 'உரையாடல் செயற்கை' என்றால், வேறொருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் நாக்கு தடுக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இருவர் ஒரே குறையைச் சொன்னால், அதை மறுக்கும் உரிமையை நீங்களாகவே விட்டுக்கொடுத்துவிடுவது நல்லது.

வெளியீட்டு விழாவில் பேசியவர்கள் பாராட்டினார்களே என்ற நினைவை இதோடு ஒப்பிடாதீர்கள். அங்கே பேசுவது வாழ்த்துரை, பாதிப்பேர் முந்தின இரவுதான் புரட்டியிருப்பார்கள். விழா முடிந்த வாரத்தில் மனம் தொய்ந்துபோவதும் அதனால்தான். உண்மையான பேச்சு வேண்டுமென்றால் மூன்று மாதம் கழித்து விமர்சனக் கூட்டம் வையுங்கள். முப்பது நாற்காலி உள்ள அறை போதும். மூன்று பேர், ஆளுக்குக் கால்மணி நேரம். நான்கு வாரத்துக்கு முன்பே அவர்கள் கையில் புத்தகம் இருக்கவேண்டும். ஒருவராவது உங்களுக்கு அறிமுகமில்லாதவராக இருக்கட்டும். ஏற்புரை ஐந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது, அதில் மறுப்பு கூடாது. 'நான் சொல்லவந்தது என்னவென்றால்' என்று எழுத்தாளர் ஆரம்பித்த நொடியில், பேச நினைத்த வாசகர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

காத்திருக்கும் கைக்கு ஒரு வேலை வேண்டும். ஒரு பிரதியின் முதல் பக்கத்தில் 'திருத்தப் பிரதி' என்று எழுதிவையுங்கள். ஒற்றுப்பிழை, விட்டுப்போன மேற்கோள் குறி, தலைப்பில் ஒரு விதமாகவும் பொருளடக்கத்தில் வேறு விதமாகவும் இருக்கும் கதைப்பெயர், எல்லாவற்றையும் அதில் சிவப்பில் குறியுங்கள். பிஓடியில் இது வீண்வேலை ஆகாது, அடுத்த நூறு பிரதி அடிக்கும்போதே திருத்திவிடலாம்.

அடுத்த கதை ஓடவில்லை என்கிறீர்கள். இப்போது அதே வகைக் கதையை எழுத உட்கார்ந்தால், இன்னும் வராத விமர்சகருக்குப் பதில் சொல்வதாகவே ஒவ்வொரு வரியும் வரும். கொஞ்சநாள் வேறு வடிவத்துக்குப் போங்கள்: ஒரு கட்டுரை, ஒரு மொழிபெயர்ப்பு, அல்லது நீங்களே இன்னொருவரின் ஜனவரிப் புத்தகத்துக்கு ஒரு மதிப்புரை. கடைசியாகச் சொன்னதைக் கட்டாயம் செய்யுங்கள். 168 பக்கத்தைப் படித்து நியாயமாக ஆயிரம் சொல் எழுதுவது எவ்வளவு நாள் பிடிக்கும் என்று அப்போது உங்கள் கைக்கே தெரியும்.

மௌனத்தால் இழப்பு வராது என்று சொல்லமுடியாது. ப. சிங்காரத்தின் இரண்டாவது நாவல் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் புத்தகமாக வந்தது. இன்று தமிழின் முக்கியமான நாவல்களில் ஒன்றாக அதைப் பேசுகிறார்கள். வந்தபோது அதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. அவர் 1997 வரை இருந்தார், மூன்றாவது நாவல் எழுதவில்லை. அடுத்த எழுத்து வராத விமர்சனத்தை நம்பி நிற்கக்கூடாது என்று இவ்வளவு வற்புறுத்துவதற்கு அவரும் ஒரு காரணம்.

பதிப்பாளரைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை, கேள்வியைச் சரியாக வைத்தால் போதும். 'ஏன் ஒன்றும் வரவில்லை' என்று கேட்டால் அவருக்குப் பதில் இராது. 'எந்தெந்த இதழ்களுக்கு எத்தனை பிரதி, எந்தத் தேதியில் போனது, அந்தப் பட்டியலை அனுப்பமுடியுமா? போகாதவற்றை நானே அனுப்பிவிடுகிறேன்' என்று கேளுங்கள். அநேகமாக அவருக்கும் அது நிம்மதியாக இருக்கும். மார்ச்சிலேயே இதைக் கேட்டு விடுபட்டவற்றை அனுப்பிவிடுங்கள். மே முதல் வாரத்தில் ஒருமுறை நினைவூட்டுங்கள். ஜூலையில் நெய்வேலி, ஆகஸ்டில் ஈரோடு என்று புத்தகக் காட்சிகள் தொடங்கும், மாவட்டக் காட்சிகளும் வரும். சென்னையில் உங்கள் புத்தகம் கண்ணில் படாதவர்கள் அங்கே எடுத்துப் பார்ப்பார்கள். 200 பிரதியில் மதிப்புரைக்கும் நண்பர்களுக்கும் போக மீதி எத்தனை இருக்கிறது, திருத்திய பிரதிகளை ஜூனுக்குள் அடிக்கமுடியுமா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள்.